நுவோலாரி, அஸ்காரி, ஜனார்டி: இத்தாலிய ரேஸ் ஓட்டுநர்களில் யாருடைய வாழ்க்கையை முதலில் படிக்கலாம்?

2025 ஜூனில் கனடா கிராண்ட் பிரியில் கிமி அந்தோனெல்லி மூன்றாவதாக வந்தபோது அவருக்கு வயது 18. ஃபார்முலா 1 பரிசு மேடையில் ஓர் இத்தாலியர் ஏறி அப்போது 15 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருக்கு முன்னால் ஏறியவர் யார்னோ ட்ருல்லி, 2009-ல். ஃபெராரியும் ஆல்ஃபா ரோமியோவும் மசராட்டியும் பிறந்த நாட்டுக்கு இவ்வளவு நீண்ட வறட்சியா என்று பலருக்கும் ஆச்சரியம். அப்போதிலிருந்து நண்பர்களிடமிருந்தும் வாசகர்களிடமிருந்தும் ஒரே கேள்விதான் வருகிறது: "பழைய இத்தாலிய ஓட்டுநர் ஒருத்தரைப் பிடித்து முழுசாகப் படிக்கணும். யாரிடம் ஆரம்பிக்கிறது?"

கேட்கிறவர்கள் கையில் பெரும்பாலும் மூன்று பெயர்கள் இருக்கும். டாட்சியோ நுவோலாரி, ஆல்பெர்டோ அஸ்காரி, அலெக்ஸ் ஜனார்டி. மூவரில் யார் பெரியவர் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. வெவ்வேறு காலம், வெவ்வேறு வண்டிகள். அந்தக் கணக்கு என்றைக்கும் நேராகாது. ஆனால் யாரிடம் ஆரம்பித்தால் கதை நம்மைப் பிடித்து வைத்துக்கொள்ளும், யாரிடம் ஆரம்பித்தால் பாதியில் மூடி வைப்போம் என்பதற்குத் தெளிவான பதில் உண்டு. நான் நுவோலாரியிடம் ஆரம்பித்துப் பாதியில் விட்டவன். அஸ்காரியைப் படித்து முடித்த பிறகு திரும்பிப் போனபோதுதான் நுவோலாரி எனக்குத் திறந்தார்.

## எதை வைத்து அளப்பது

முதலில், கண்ணால் பார்க்க எவ்வளவு கிடைக்கிறது என்பது. பந்தயம் எழுத்தில் பாதிதான் வரும். வண்டி வளைவில் எப்படி வழுக்குகிறது, ஓட்டுநர் அதை எப்படிப் பிடித்து நிறுத்துகிறார் என்பதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, முன்கூட்டியே என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது. சிலருடைய வாழ்க்கைக்குள் நேராக நுழைந்துவிடலாம். சிலருக்கு அந்தக் காலத்து விதிகள், அரசியல், எந்தப் பந்தயம் பெரிது, எது சிறிது என்று வாசலிலேயே ஒரு பாடம் காத்திருக்கும்.

மூன்றாவது, கட்டுக்கதை. இத்தாலியர்கள் தங்கள் ஓட்டுநர்களை வீரகாவிய நாயகர்களைப் போலக் கொண்டாடியவர்கள். நடந்ததையும் நடந்ததாகச் சொல்லப்படுவதையும் பிரிக்க எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று பார்க்க வேண்டும்.

நான்காவது, மனச்சுமை. யாரும் முன்கூட்டிச் சொல்லாத விலை இதுதான். இந்த மூவர் கதையிலும் சாவோ ஊனமோ இருக்கிறது. ஆனால் அது எந்த இடத்தில், எப்படி வந்து தாக்குகிறது என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு.

| | நுவோலாரி | அஸ்காரி | ஜனார்டி |
|---|---|---|---|
| பிறந்த வருஷம், ஊர் | 1892, காஸ்டெல் தாரியோ (மாந்துவா அருகே) | 1918, மிலான் | 1966, பொலோன்யா |
| முக்கியக் களம் | 1920, 30-களின் கிராண்ட் பிரி, மில்லே மில்யா | ஃபார்முலா 1, 1950–55 | அமெரிக்க கார்ட் தொடர், பிறகு பாராலிம்பிக் |
| பார்க்கக் கிடைப்பது | குறைவு, துண்டு துண்டாக | நடுத்தரம் | ஏராளம் |
| முன்னறிவு | நிறைய வேண்டும் | கொஞ்சம் போதும் | ஏறக்குறைய வேண்டாம் |
| கட்டுக்கதை | மிக அதிகம் | சாவைச் சுற்றி மட்டும் | குறைவு |
| மனச்சுமை | மெல்ல ஏறும் | கடைசியில் ஒரே அடி | நடுவிலும் முடிவிலும் |

## டாட்சியோ நுவோலாரி: ஆழம் அதிகம், படிக்கட்டு செங்குத்து

ஒரே ஒரு பந்தயத்தைச் சொல்கிறேன். 1935 ஜூலை 28, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங். ஒரு சுற்று 22.8 கிலோமீட்டர், மொத்தம் 22 சுற்றுகள். ஜெர்மன் அரசின் ஆதரவோடு மெர்சிடிஸும் ஆட்டோ யூனியனும் கொண்டுவந்த புது வண்டிகள் ஒருபுறம். மறுபுறம் 42 வயது நுவோலாரி, என்சோ ஃபெராரி நடத்திய அணியின் ஆல்ஃபா ரோமியோ பி3 வண்டியில். அது வயதாகிப்போன வண்டி, குதிரைத்திறனிலும் ஜெர்மானியர்களைவிட ரொம்பக் குறைவு.

நடுப்பகுதியில் முன்னுக்கு வந்துவிட்டார். பெட்ரோல் போட பிட்டுக்குள், அதாவது பாதையோரப் பராமரிப்பு இடத்துக்குள், வந்தபோது பம்ப் மக்கர் பண்ணியது. கேன்களில் ஊற்றி முடிக்க இரண்டு நிமிஷத்துக்கு மேல். அவர் காருக்குப் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது ஆறாவது இடம். அங்கிருந்து ஒவ்வொருவராகப் பிடித்தார். கடைசிச் சுற்று தொடங்கும்போது முன்னால் ஒரே ஒருவர், மெர்சிடிஸின் மான்ஃபிரெட் ஃபான் பிராவ்கிட்ச், அரை நிமிஷ இடைவெளியில். பின்னால் நுவோலாரி விரட்ட விரட்ட அவர் டயரைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். கடைசிச் சுற்றில் அந்த டயர் வெடித்தது. நாஜி ஆட்சியின் பிரமுகர்கள் பார்த்திருக்க, சிவப்பு வண்டி ஜெயித்தது.

இப்படி ஒருவரைப் படிக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? நானும் அப்படித்தான் இறங்கினேன். சிக்கல் அடுத்த பக்கத்தில் தொடங்கியது. அப்போது இன்று நாம் அறிந்த உலக சாம்பியன் பட்டம் கிடையாது. அது 1950-ல்தான் வந்தது. புள்ளிப் பட்டியலைத் தேடிப்போனால் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. 1932-ல் ஐரோப்பிய சாம்பியன், 1933-ல் ரேமோன் சொம்மேருடன் லெ மான் 24 மணி நேரப் பந்தய வெற்றி, மில்லே மில்யா (இத்தாலியச் சாலைகளில் நடந்த ஆயிரம் மைல் பந்தயம்) இரண்டு முறை, சிசிலியின் டார்கா ஃப்ளோரியோ இரண்டு முறை. இதில் எது மலை, எது மேடு என்று தெரிய அந்தப் பந்தயங்களைத் தனித்தனியாகப் படிக்க வேண்டும். அதற்கு முன்னால் அவர் மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக வேறு இருந்தார். 1925-ல் மிலான் பக்கத்து மோன்ட்சா பந்தயத் தளத்தில் ஆல்ஃபா ரோமியோ காரைச் சோதித்துப் பார்த்தபோது விபத்து. சில நாள்களிலேயே உடம்பெல்லாம் கட்டோடு, தன்னைத் தூக்கி பைக்கில் உட்காரவைக்கச் சொல்லி, அதே மோன்ட்சாவில் ஓட்டி ஜெயித்தார்.

அப்புறம் கட்டுக்கதைகள். 1930 மில்லே மில்யாவில், விடியும் முன், தன் போட்டியாளர் அக்கில்லே வார்ட்சியைப் பின்தொடர்ந்த நுவோலாரி ஹெட்லைட்டை அணைத்துவிட்டு இருட்டில் நெருங்கி முந்தினார் என்பது இத்தாலியில் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. எங்கே நடந்தது, எவ்வளவு நேரம், உண்மையில் அணைத்தாரா என்று ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். அந்தப் பந்தயத்தில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். வார்ட்சிக்குப் பத்து நிமிஷம் கழித்துக் கிளம்பியவர் நுவோலாரி. எனவே அவரைக் கண்ணுக்கெட்டும் தூரத்தில் பிடித்தபோதே நேரக் கணக்கில் ஜெயித்தாயிற்று. கதை இருட்டையே பிடித்துக்கொண்டு நிற்கும். எனக்கு இந்தப் பத்து நிமிஷம்தான் பெரிதாகத் தெரிகிறது.

மனச்சுமை இங்கே மெல்ல ஏறும். அவருக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் ஜோர்ஜோ 1937-ல் நோயால் இறந்தான், அப்போது அப்பா பந்தயத்துக்காக அமெரிக்காவுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். இளையவன் ஆல்பெர்டோ 1946-ல். இருவரும் இருபது வயதைத் தொடவில்லை. அதற்குப் பிறகும் நுவோலாரி ஓட்டினார், நுரையீரல் கெட்டு ரத்தம் கக்கிக்கொண்டே. 1948 மில்லே மில்யாவில் 55 வயதில், ஃபெராரி வண்டியின் மூடி கழன்று பறக்க, மட்கார்டு போக, முன்னணியிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி இனி தாங்காது என்ற நிலை வந்தபோதுதான் நிறுத்தினார். சாவைத் தேடித்தான் ஓட்டினார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. பையன்கள் போனபின் அவருக்கு மிச்சமிருந்த ஒரே வேலை அது. 1953-ல் படுக்கையில்தான் இறந்தார்.

நுவோலாரி யாருக்கு முதல் தேர்வு? இரண்டு போர்களுக்கு இடைப்பட்ட ஐரோப்பிய வரலாற்றில் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்களுக்கு. முசோலினி, ஹிட்லர் காலத்தில் அரசுகள் பந்தயத்தில் ஏன் பணம் கொட்டின என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு இவரைவிட நல்ல வாசல் இல்லை. மற்றவர்கள் இவரை இரண்டாவதாக வைத்துக்கொள்வது நல்லது.

## ஆல்பெர்டோ அஸ்காரி: கைக்கு அடக்கமான வாழ்க்கை

ஃபார்முலா 1 பார்க்கிறவர்களுக்கு அஸ்காரி உடனே பிடிபடுவார். பட்டம் உண்டு, புள்ளி உண்டு, இன்றைய சாதனைப் பட்டியலோடு நேராக ஒப்பிடலாம். 1952-லும் 1953-லும் ஃபெராரிக்காக உலக சாம்பியன். 32 பந்தயங்களில் 13 வெற்றி. 1953-க்குப் பிறகு 2025 வரை இன்னொரு இத்தாலியர் அந்தப் பட்டத்தை வாங்கவில்லை. அப்போது சாம்பியன்ஷிப் கணக்கில் சேர்ந்திருந்த அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500-ஐத் தவிர்த்து எண்ணினால், 1952 பெல்ஜியத்தில் தொடங்கி 1953 பெல்ஜியம் வரை தொடர்ந்து ஒன்பது வெற்றி. அந்த ஒன்பதை செபாஸ்டியன் வெட்டல் 2013-ல் எட்டினார். 2023-ல் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் பத்தாக்கினார். எழுபது வருஷம் யாரும் தாண்டாத கணக்கு.

இதில் ஒரு மறைவிலை உண்டு, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆல்ஃபா ரோமியோ விலகியதும் போட்டிக்கு வண்டி போதாமல் போக, 1952, 53 இரண்டு வருஷமும் சாம்பியன்ஷிப் இரண்டு லிட்டர் ஃபார்முலா 2 விதியில்தான் நடந்தது. 1951-ன் சாம்பியனான அர்ஜென்டினாவின் ஃபாஞ்சியோ 1952-ல் மோன்ட்சாவில் அடிபட்டு அந்த வருஷம் முழுக்க ஒதுங்கியிருந்தார். ஃபெராரி 500 மற்ற எல்லாவற்றையும்விடத் திடமான வண்டி. இதையெல்லாம் வைத்து அவர் பட்டங்களைக் குறைத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே வண்டியில் அணித்தோழர்கள் ஃபரினாவும் பிறகு ஹாத்தோர்னும் ஓட்டினார்கள், அவர்களால் அப்படி ஜெயிக்க முடியவில்லை. முன்னால் போய்விட்டால் அஸ்காரியைப் பிடிக்க முடியாது என்பதுதான் அவரோடு ஓட்டியவர்களின் அனுபவம்.

அவர் செய்த ஒரு முடிவை மட்டும் தனியாகப் படிக்கச் சொல்வேன். இரண்டு பட்டம் வாங்கிய கையோடு, 1954-ல் ஃபெராரியை விட்டு லான்சியாவுக்குப் போனார். லான்சியாவின் புது வண்டியான டி50 தயாராகத் தாமதம், மேலும் தாமதம். ஓர் உலக சாம்பியன் அந்த வருஷத்தின் பெரும்பகுதியைத் தன் அணியின் ஃபார்முலா 1 வண்டி இல்லாமல் கழித்தார். நடுவில் லான்சியாவின் ஸ்போர்ட்ஸ் காரில் மில்லே மில்யாவை ஜெயித்தார் என்றாலும் பட்டம் கைநழுவிப் போனது. அக்டோபரில் ஸ்பெயினில் டி50 முதல்முறை இறங்கியது. தகுதிச் சுற்றில் அவர்தான் முதலிடம், பந்தயத்திலும் வேகமான சுற்று அவருடையதுதான், ஆனால் பத்தாவது சுற்றைத் தொடும்போதே வண்டி நின்றுவிட்டது. அவர் நம்பியது தப்பில்லை என்று 1956-ல் தெரிந்தது. ஃபெராரி கைக்கு வந்துவிட்ட அதே வண்டியின் மாற்று வடிவத்தில் ஃபாஞ்சியோ சாம்பியன் ஆனார். அதைப் பார்க்க அஸ்காரி இல்லை.

அவர் சாவுதான் இங்கே கட்டுக்கதை முளைக்கும் இடம். அப்பா அந்தோனியோ அஸ்காரியும் ஓட்டுநர், 1925 ஜூலை 26-ல் பாரிஸ் அருகே மோன்லேரியில் பந்தயத்தில் இறந்தார். வயது 36. மகனுக்கு அப்போது ஏழு. மகன் இறந்தது 1955 மே 26, வயது அதே 36. சகுனம் பார்க்கிறவர் அவர். தன் நீல ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஏறாதவர், கறுப்புப் பூனை குறுக்கே போனால் வழி மாறிப் போகிறவர். மே 22-ல் மொனாக்கோவில், முன்னால் ஓடிய ஸ்டெர்லிங் மாஸின் மெர்சிடிஸ் நின்றுபோன அதே நேரத்தில், அவருடைய லான்சியா தடுப்பை உடைத்துக்கொண்டு துறைமுகத்துத் தண்ணீருக்குள் பாய்ந்தது. நீந்தி வெளியே வந்தார். நான்கு நாள் கழித்து மோன்ட்சாவில் நண்பர் எவ்ஜெனியோ காஸ்தெல்லோத்தி ஒரு ஃபெராரியைச் சோதித்துக்கொண்டிருந்ததைப் பார்க்கப் போனார். ஓட்டும் எண்ணத்தில் போகவில்லை. திடீரென்று சில சுற்று போய்வருகிறேன் என்றார். கோட்டைக் கழற்றி, டையோடு, காஸ்தெல்லோத்தியின் வெள்ளை ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஏறினார். மூன்றாவது சுற்றில் வண்டி கவிழ்ந்தது. காரணம் இன்றுவரை தெளிவாகவில்லை. அந்த வளைவுக்கு இப்போது அவர் பெயர்தான்.

26, 36 என்று எண்களை அடுக்கி எழுதியவை நிறையக் கிடைக்கும். ஒருமுறை படித்துவிட்டுத் தள்ளி வையுங்கள். ஓட்டுநர் எண்களுக்குள் தொலைந்துபோவதுதான் அஸ்காரியிடம் தொடங்குவதில் உள்ள ஆபத்து. எனக்கு நெஞ்சில் நிற்பது அந்த டை. வேடிக்கை பார்க்க வந்த ஒரு மனுஷன், கை சும்மா இருக்க முடியாமல் ஏறிய வண்டி.

அஸ்காரி, ஃபார்முலா 1 ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்க்கிற ஆனால் வரலாறு அதிகம் தெரியாத வாசகருக்கு. ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். முடித்த கையோடு பின்னால் போனால் அப்பா வழியாக நுவோலாரியின் காலம், முன்னால் போனால் ஃபாஞ்சியோ.

## அலெக்ஸ் ஜனார்டி: பார்த்தே தெரிந்துகொள்ளலாம்

புள்ளி விவரத்தை முதலில் பார்க்காதீர்கள். ஃபார்முலா 1-ல் அவருக்கு மொத்தமே ஒரு புள்ளி, 1993 பிரேசிலில். வில்லியம்ஸ் அணியில் 1999 முழுக்க ஓட்டியும் ஒன்றுமில்லை. ஃபார்முலா 1 கண்ணாடியை மட்டும் போட்டுக்கொண்டு போனால் இவர் ஏன் இந்தப் பட்டியலில் என்று தோன்றும்.

அதற்குப் பதில் 1996 செப்டம்பர், கலிஃபோர்னியாவின் லகூனா செகா. கார்ட் (CART) என்னும் அமெரிக்க கார் பந்தயத் தொடரின் கடைசிப் பந்தயம், கடைசிச் சுற்று. முன்னால் பிரையன் ஹெர்ட்டா. கார்க்ஸ்க்ரூ என்னும் அந்த வளைவு, மாடியிலிருந்து சறுக்கி விழுவதுபோல் இடமும் வலமுமாக இறங்கும், எதிர்ப்பக்கம் தெரியாது. முந்துவதற்கான இடமே அல்ல. ஜனார்டி உள்பக்கம் பாய்ந்தார், ஓரக்கல்லைத் தாண்டி மண்ணில் குதித்தார், தூசி கிளம்ப மறுபடி சாலைக்கு வந்தார், ஜெயித்தார். முப்பது நொடிக் காட்சி. இதை முதலில் பாருங்கள். பிறகு 1997, 98 இரண்டு வருஷமும் அங்கே சாம்பியன்.

2001 செப்டம்பர் 15, ஜெர்மனியின் லவுசிட்ஸ்ரிங். முன்னணியில் இருந்த ஜனார்டி பிட்டிலிருந்து வெளியே வரும்போது வண்டி சுழன்று பாதையில் குறுக்கே நின்றது. முழு வேகத்தில் வந்த இன்னொரு வண்டி மோதி அவருடைய இரண்டு காலும் போயின. உடம்பின் ரத்தத்தில் பெரும்பகுதி போய்விட்டது. 2003-ல் அதே இடத்துக்கு, கையால் இயக்கும் வண்டியில் திரும்பி வந்து, அன்று மிச்சம் வைத்த 13 சுற்றை ஓட்டி முடித்தார். அதோடு நிற்கவில்லை. பிஎம்டபிள்யூ கார்களில் உலக டூரிங் கார் பந்தயங்களை ஜெயித்தார். ஆக்சிலரேட்டர் ஸ்டீயரிங்கில், பிரேக் மட்டும் செயற்கைக் காலால். இடுப்பிலிருந்து காலைத் தள்ளி எவ்வளவு அழுத்துகிறோம் என்று பாதமில்லாமல் கணித்தாக வேண்டும். அந்தக் கணிப்பில்தான் பந்தயமே இருக்கிறது. பிறகு கையால் சுற்றி ஓட்டும் சைக்கிள். 2012 லண்டன் பாராலிம்பிக்கில் இரண்டு தங்கம், ஒரு வெள்ளி. 2016 ரியோவிலும் அதே கணக்கு.

இவருடைய கதைக்கு மறைவிலை இரண்டு. ஒன்று, "தன்னம்பிக்கை" வீடியோக்கள் இவரை விழுங்கிவிட்டன. கால் போனபின் எழுந்தவர் என்றே எல்லோரும் தொடங்குகிறார்கள். குழாய் வேலை செய்த அப்பாவின் வீட்டில், குப்பைத்தொட்டிச் சக்கரங்களை வைத்து 13 வயதில் தானே சின்ன கோ-கார்ட் வண்டி செய்த பையன் காணாமல் போகிறான். அவன் அக்கா சாலை விபத்தில் இறந்தது அதே வயதில்தான். அந்தப் பையனைத் தெரிந்துகொள்ளாமல் பின்பாதியைப் படித்தால் பாதி மனுஷனைத்தான் படித்திருப்பீர்கள்.

இரண்டாவது விலை 2020 ஜூன் 19. டஸ்கனியில் ஒரு தொடர் ஓட்டத்தில் கைச்சைக்கிளில் போனவர் லாரியில் மோதித் தலையில் பலத்த காயமடைந்தார். ஒருமுறை மீண்டவர் என்று மனம் நிம்மதியான பிறகு வருகிற அடி. வீட்டில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால், இந்தக் கதையை இப்போது எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

மற்றபடி, படிக்க நேரமில்லை, பார்த்துத்தான் பழக்கம் என்பவர்களுக்கும், பந்தயமே தெரியாத ஒருவரை இழுத்துவர விரும்புகிறவர்களுக்கும் ஜனார்டிதான்.

## பட்டியலில் இல்லாத ஒருவர்

லெல்லா லோம்பார்டியை யாரும் கேட்பதில்லை, அதனாலேயே சொல்கிறேன். 1975 ஸ்பெயின் கிராண்ட் பிரி, பார்சிலோனாவின் மோன்ஜுயிக். பார்வையாளர்கள் உயிரிழந்த கோர விபத்தால் பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டது. ஆறாவதாக இருந்த அவருக்குக் கிடைத்தது அரைப் புள்ளி. ஃபார்முலா 1-ல் புள்ளி எடுத்த ஒரே பெண் இன்றுவரை அவர்தான். அப்பா கறிக்கடைக்காரர், கடை வண்டியை ஓட்டித்தான் ஓட்டவே பழகினார். அவரைப் பற்றிக் கிடைப்பது கொஞ்சம்தான், முதல் தேர்வாக வைக்க அது போதாது. ஒரு மாலைக்குப் போதும்.

## என் வரிசை

நேரம் ஒரு மாலைதான் என்றால் ஜனார்டி, லகூனா செகாவிலிருந்து தொடங்குங்கள். ஒரு வார இறுதி இருந்தால் அஸ்காரி. ஒரு மழைக்காலம் முழுக்க இருந்தால், அஸ்காரியை முதலில் முடித்துவிட்டு நுவோலாரி. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள், எதுவும் முடிவாகவில்லை என்றால் அஸ்காரியையே எடுங்கள். நுவோலாரியை எடுக்கிறவர்கள் மட்டும் பிறந்த வருஷத்தில் தொடங்காதீர்கள். 1935 நூர்பர்க்ரிங்கில், பெட்ரோல் பம்ப் மக்கர் பண்ணிய அந்த இரண்டு நிமிஷத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள்.